விக்கெட் காப்பாளரின் கையுறை: தடிப்புக்கு முன் பொருத்தம்

விளையாட்டுப் பொருட் கடையில் விக்கெட் காப்பாளருக்கான கையுறையை எடுத்துக் காட்டினால், வாங்க வந்தவர் முதலில் உள்ளங்கைப் பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். மெத்தென்று தடிப்பாக இருந்தால் நல்லது, மெல்லியதாக இருந்தால் மலிவு என்று தீர்ப்பு வந்துவிடும். அடுத்து விலை, அதற்கடுத்து பெயர். கை உள்ளே எப்படி உட்காருகிறது என்ற கேள்வி கடைசியில் வரும். சில வேளை வராமலே போகும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். விரல் நீளத்துக்குப் பொருந்தி, நன்றாக மடங்கி, பந்தைக் கைக்கு உணர்த்துகிற கையுறையை முதலில் தேடுங்கள். பாதுகாப்புப் போதவில்லை என்றால் உள்ளுறையால் அதைக் கூட்டிக்கொள்ளலாம். தடிப்பைப் பிறகு சேர்க்க முடியும். உணர்வைப் பிறகு சேர்க்க வழியில்லை.

குண்டசாலையிலிருந்து தொடங்குவோம்

இந்த வாதத்தைக் கண்டிக்கு அருகே உள்ள குண்டசாலையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரனின் குடும்பத்தார் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியது இங்குள்ள நத்தரம்பொத்தையில். அவர் படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில். அந்த 800இல் 117 விக்கெட்டுகள் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் மட்டும் வந்தவை. அதுவரை உலகச் சாதனையாக இருந்த ஷேன் வோர்னின் 708ஐத் தாண்டிய 709ஆவது விக்கெட்டும், 2007 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிராக, அதே அஸ்கிரியவில்தான் விழுந்தது. 2010 முதல் கண்டியின் டெஸ்ட் போட்டிகள் பல்லேகலவுக்கு இடம்பெயர்ந்தன. முரளியின் விக்கெட்டுகளில் 47 ஸ்டம்பிங் மூலம் கிடைத்தவை. சாதாரண ஓஃப் சுழலும் அதற்கு எதிர்த்திசையில் திரும்பும் ‘தூஸ்ரா’வும் ஒரே கையசைவில் வந்த பந்துவீச்சுக்கு, விக்கெட்டை ஒட்டி நின்றபடி ஒருவர் கை கொடுத்திருக்கிறார் என்பதுதான் அந்த 47இன் பொருள். ரொமேஷ் களுவிதாரண, குமார் சங்கக்கார, பிரசன்ன ஜயவர்தன ஆகியோர் அந்த இடத்தில் மாறிமாறி நின்றவர்கள். சங்கக்கார கண்டி திரித்துவக் கல்லூரியில் உருவானவர். ஒருநாள் போட்டிகளில் காப்பாளராக 482 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். அவற்றில் 99 ஸ்டம்பிங். எந்தக் கையுறை நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தப் பந்துவீச்சுக்கு, எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறோம் என்று கேட்க வேண்டும் என்பதை இந்த எண்கள் நினைவூட்டுகின்றன.

வலியைக் குறைப்பது எது?

தடிப்பான கையுறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணம் எளிமையானது: தடிப்பு இருந்தால் வலிக்காது. இதைச் சின்னக் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். ஆண்களுக்கான கடினப்பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை. கணக்குக்கு 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வேகப்பந்து ஒன்று காப்பாளரின் கைக்கு வந்து சேரும்போது மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீற்றர் வேகத்தில் வருகிறது என்று கொண்டால், அதில் உள்ள ஆற்றல் 50 ஜூல். இந்த ஆற்றலை எவ்வளவு தூரத்தில் உள்வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தே கையில் விழும் விசை அமைகிறது. கையை அசைக்காமல் வைத்து, கையுறையின் மெத்தை மட்டும் 1 சென்ரிமீற்றர் அமுங்கினால், சராசரி விசை 5,000 நியூட்டன். மெத்தையைப் பாதி மடங்கு கூட்டி 1.5 சென்ரிமீற்றர் ஆக்கினாலும் 3,300க்கு மேல்தான். ஆனால் பந்து வந்து சேரும்போது கையை 20 சென்ரிமீற்றர் பின்னோக்கி இளக்கிக் கொடுத்தால், விசை 250 நியூட்டனாக இறங்கிவிடுகிறது. அது ஏறத்தாழ 25 கிலோ அரிசி மூட்டை கையில் அழுத்துவது போன்றது. முதலில் சொன்ன 5,000 நியூட்டன் அரைத் தொன்.

பாதுகாப்பின் பெரும் பங்கு முழங்கையிலும் தோளிலும் மணிக்கட்டிலும் இருக்கிறது. கையுறையின் பங்கு மிச்சம்தான். மென்பந்து கிரிக்கெட்டில் வெறுங்கையோடு விக்கெட்டுக்குப் பின்னால் நின்று வளர்ந்த பிள்ளைகள் இதைக் கணக்குப் போடாமலே கற்றிருக்கிறார்கள். தோட்டத்து மைதானத்திலும் பாடசாலை முற்றத்திலும் ரெனிஸ் பந்து பிடித்த கை, பந்தோடு சேர்ந்து பின்வாங்கப் பழகிய கை. அந்தப் பழக்கத்தைக் கடினப்பந்துக்குக் கொண்டுவர வேண்டும். வெறுங்கையைக் கொண்டுவரக் கூடாது. மெத்தையை நம்பிக் கையை இறுக்கிப் பிடிக்கப் பழகியவருக்குப் பந்து உள்ளங்கையில் மோதித் தெறித்துவிடும். கையுறை எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பலகை போல நடந்துகொள்ளும். பிடி நழுவியதற்குப் பந்தைக் குறை சொல்கிறோம். பந்து பலகையில் பட்டால் வேறென்ன செய்யும்?

ஒட்டி நிற்பதும் தள்ளி நிற்பதும்

வேகப்பந்துக்குக் காப்பாளர் தள்ளி நிற்கிறார். பந்து வரும் பாதையைப் பார்க்கவும், கால்களை நகர்த்தவும், கையை இளக்கவும் நேரம் இருக்கிறது. சுழற்பந்துக்கு ஒட்டி நிற்கும்போது அந்த நேரம் சுருங்கிவிடுகிறது. துடுப்பாட்டக் கோடு விக்கெட்டுக்கு 1.22 மீற்றர் முன்னால் இருக்கிறது. காப்பாளரின் கை விக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால். துடுப்பின் விளிம்பிலிருந்து கையுறை வரை 2 மீற்றர் என்று கொள்வோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.12 நொடி போதும். கண்ணால் கண்டு கையை அசைக்க மனிதருக்கு ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். ஆகவே விளிம்பில் பட்ட பந்தைப் பார்த்துப் பிடிக்க எவராலும் இயலாது. கை ஏற்கெனவே சரியான இடத்தில், சரியான தளர்ச்சியோடு இருந்தால் பந்து தானாக வந்து தங்கும். தங்குவதற்கு வேண்டியது மடங்கும் கையுறை. விரல்கள் பந்தைச் சுற்றித் தாமாகவே கூடும்படி அது இருக்க வேண்டும்.

ஒட்டி நிற்பவருக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தின் ஆற்றல் 22 ஜூல் அளவுதான்; முன்பு பார்த்த 50 ஜூலில் பாதிக்கும் குறைவு. மெல்லிய கையுறையோடு சுழற்பந்துக்கு நிற்பது துணிச்சல் என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை. விளிம்பில் பட்டுத் திசைமாறி வரும் பந்து சில வேளை வலிக்கத்தான் செய்யும். அதற்காக மணிக்கணக்கில் நேராக வரும் நூற்றுக்கணக்கான பந்துகளுக்கும் பலகைக் கையுறை அணிவது பொருத்தமான விலை அல்ல.

ஸ்டம்பிங்கின் விதியும் இதே பக்கம்தான் நிற்கிறது. கையால் விக்கெட்டை வீழ்த்துவதானால், பந்து இருக்கும் கையால், அல்லது அந்தக் கை சேர்ந்த புயத்தால், வீழ்த்தினால்தான் செல்லும். வலக்கையில் பந்து இருக்க, இடக்கையால் பெயில்களைத் தட்டிவிட்டால் பயனில்லை. லெக் பக்கம் விலகிச் செல்லும் பந்தை ஒரு கையால் பற்றி, அதே கையைத் திருப்பி விக்கெட்டுக்குக் கொண்டுவர வேண்டிய வேளையில், அந்த ஒற்றைக் கையுறை பந்தை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு கையையும் சேர்த்தால்தான் பந்து நிற்கும் என்கிற அளவுக்கு விறைப்பான கையுறை அந்த வாய்ப்பைக் காப்பாளரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மகேந்திர சிங் தோனி ஒருநாள் போட்டிகளில் 123 ஸ்டம்பிங் செய்தார். அவர் கையைப் பின்னால் இளக்காமல், பந்தை எடுத்த இடத்திலிருந்தே விக்கெட்டைத் தட்டியவர். அப்படியானால் கையை இளக்குவதைப் பற்றிய கணக்கெல்லாம் எதற்கு? உண்மையில் தோனியின் முறை இந்த வாதத்துக்குத் துணைநிற்கிறது. கை பின்னோக்கிப் போகாதபோது பந்தின் ஆற்றலை விரல்களின் தளர்ச்சியும் மணிக்கட்டின் நெகிழ்ச்சியும்தான் உள்வாங்க வேண்டும். விறைத்த உள்ளங்கையோடு அந்த முறையை முயன்றால் பந்து முன்னால் தெறித்து விழும். பல ஆயிரம் பந்துகளில் பழகிய கைக்கு உரிய முறை அது. பாடசாலைப் பிள்ளை முதலில் இளக்கிப் பிடிக்கக் கற்கட்டும். வேகம் அதன் பின்னால் வரும்.

அளவு: விரல் நுனியில் தொடங்குங்கள்

அளவெடுக்க வீட்டில் இருக்கும் அடிமட்டம் போதும். மணிக்கட்டின் கீழ்மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அதைத் தயாரிப்பாளர் தரும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சிறுவர், இளையோர், பெரியோர் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு தயாரிப்பாளரின் இளையோர் அளவு இன்னொருவரின் பெரியோர் அளவோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகலாம். அதனால் பெயரை நம்பாமல் அளவை நம்புங்கள். இரண்டு கையையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அணிந்து பார்க்கும்போது உள்ளுறையோடு அணிந்து பாருங்கள். வெறுங்கையில் சரியாக இருந்த கையுறை உள்ளுறையோடு இறுகும். விரல் நுனிக்கும் கையுறையின் விரல்மூடிக்கும் இடையில் ஒரு நெல்மணி அளவு இடைவெளி போதும். இடைவெளியே இல்லையென்றால் நேராக வரும் பந்து நகத்தின் மேல் மோதும். அதிகமானால் கையுறையின் நுனி விரலுக்கு முன்னால் மடிந்து, பந்து விரலிடுக்கில் சிக்கி, மூட்டு சுளுக்கும்.

பெருவிரல்தான் பலர் கவனிக்கத் தவறும் இடம். பெருவிரலை முழுதாக விரித்துப் பாருங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள வலைத்துண்டு இறுகி நிற்க வேண்டும். இது வசதிக்கான ஆலோசனை மட்டும் அல்ல, கிரிக்கெட் விதியும் கூட. எம்.சி.சி. வகுத்த விதிகளின் 27ஆவது விதி, காப்பாளரின் கையுறையில் விரல்களுக்கு இடையே வலை கூடாது என்கிறது. சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையில் மட்டும், தாங்குவதற்காக, நீளாத பொருளால் ஆன ஒற்றைத் துண்டு இருக்கலாம். அதன் மேல்விளிம்பு சுட்டுவிரல் நுனியையும் பெருவிரல் நுனியையும் இணைக்கும் நேர்கோட்டைத் தாண்டக் கூடாது. கை உள்ளே இருக்கப் பெருவிரலை முழுதாக விரிக்கும்போது அது இறுகியிருக்க வேண்டும். பெரிய கையுறையைச் சிறிய கை அணிந்தால் பெருவிரல் அதன் உறையின் நுனி வரை போவதில்லை. வலை தொய்ந்து பை போல ஆகிறது. அது பந்தைப் பையில் போட்டுக்கொள்வதற்கு ஒப்பானது. நடுவர் கேள்வி கேட்டால் பதில் இராது. பெரிய கையுறை என்றால் பெரிய பிடிப்பரப்பு என்று எண்ணி வாங்குபவர்கள், அந்தப் பரப்பில் பாதி வெறும் காற்று என்பதையும், அந்தக் காற்றை விதி அனுமதிப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

விதி இவ்வளவு நுட்பமாக இருப்பதற்குக் காரணம், கையுறை அணிவது களத்தில் ஒருவருக்கு மட்டும் கிடைத்த சலுகை என்பதே. வேறு எந்தக் களத்தடுப்பாளரும் அதை அணியக் கூடாது. 2022 ஜூன் மாதம் முல்தானில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான ஒருநாள் போட்டியில், பாகிஸ்தான் அணியின் அன்றைய தலைவர் பாபர் அசாம் காப்பாளரின் கையுறை ஒன்றை அணிந்து பந்தை எடுத்ததற்காக எதிரணிக்கு 5 தண்ட ஓட்டங்கள் வழங்கப்பட்டன. சலுகைக்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் பொருந்துகிற கையுறைதான் நல்ல கையுறை.

வளரும் பிள்ளைக்குப் பெரிதாக வாங்கலாமா?

பெற்றோர் வைக்கும் வாதம் நியாயமானது. கையுறை விலை குறைவான பொருள் இல்லை. பிள்ளை இந்த வருடம் வளரும், அடுத்த வருடமும் வளரும். ஓர் அளவு கூடுதலாக வாங்கினால் இரண்டு பருவத்துக்கு வரும். சப்பாத்துக்கு இது ஓரளவு பொருந்தும். முன்னால் பஞ்சை அடைத்துச் சமாளிக்கலாம். கையுறைக்குப் பொருந்தாது. பிள்ளை பிடிக்கக் கற்பது இந்தப் பருவத்தில்தான். தொளதொளத்த கையுறையில் கற்ற பிடி, விரல்களை நம்பாமல் உள்ளங்கையை நம்பும் பிடியாகிவிடும். பின்னர் சரியான அளவு வந்தாலும் பழக்கம் மாறாது. இதற்கு நடைமுறையான மாற்று உண்டு. அளவுக்குச் சரியான, விலை குறைந்த கையுறையை வாங்குங்கள்; மிச்சப் பணத்தில் நல்ல உள்ளுறை இரண்டு சோடி வாங்குங்கள். பாடசாலை அணியில் வளர்ந்துவிட்ட மாணவரின் பழைய கையுறையை அடுத்தவருக்குக் கைமாற்றுவதும் சிறந்த வழி. நன்றாகப் பழகிய தோல் புதிய தோலைவிட மடங்கும்.

சிறுவர்களின் பந்தும் வேறு என்பதை மறக்க வேண்டாம். 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பந்தின் எடை 133 முதல் 144 கிராம். பெண்களுக்கானது 140 முதல் 151 கிராம். சிறுவர்களின் பந்து சிறியது, வேகமும் குறைவு. ஆகவே பெரியவர்களுக்கான தடிப்பு அவர்களுக்குத் தேவைப்படாது. அந்த வயதில் தேவைப்படுவது பந்தைக் கை உணர்வது. விக்கெட்டை ஒட்டி நிற்கும் எந்தப் பிள்ளையும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்; கையுறையால் முகத்தைக் காக்க முடியாது.

உள்ளுறை, இறப்பர், விரல்மூடி

விரல் உடைந்தால் என்ன செய்வது என்பது எல்லா மறுப்புகளிலும் கனமானது. காப்பாளர் துடுப்பும் பிடிக்க வேண்டியவர். சங்கக்கார காப்பாளராக நின்ற 48 டெஸ்ட்களில் அவரது துடுப்பாட்டச் சராசரி 40.48, நிற்காத 86 டெஸ்ட்களில் 66.78. அந்த இடைவெளிக்குச் சோர்வு, அனுபவம் என்று பல காரணங்கள் இருக்கும். விரல் காயத்தை மட்டும் காட்ட முடியாது. ஆனால் இரட்டை வேலை செய்யும் கையைப் பேண வேண்டும் என்பதில் ஐயமில்லை. அந்தப் பேணலை எந்த அடுக்கில் செய்வது என்பதுதான் கேள்வி. உள்ளுறை தோலோடு ஒட்டி நிற்கிறது. விரல்களின் அசைவோடு சேர்ந்து அசைகிறது. வெளியுறையின் தடிப்பு விரல்களின் அசைவை எதிர்க்கிறது. ஆகவே ஒரே அளவு பாதுகாப்பை உள்ளுறையால் கூட்டினால் உணர்வு குறைவாகத்தான் இழக்கப்படும். மெல்லிய பருத்தி உள்ளுறை வியர்வையை உறிஞ்சும். மெத்தை வைத்துத் தைத்ததோ சாமோய்ஸ் தோலில் செய்ததோ அதிர்ச்சியைக் கூடுதலாகத் தாங்கும். சுழற்பந்து அதிகமாக வரும் நாளில் முதலாவது, வேகப்பந்து அதிகமாக வரும் நாளில் இரண்டாவது என்று மாற்றிக்கொள்ளலாம். ஒரே கையுறை இரண்டு வேலையையும் செய்கிறது.

உள்ளங்கையில் உள்ள புள்ளிபோட்ட இறப்பரின் வேலை பந்தைப் பிடித்து நிறுத்துவது. நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். சிறிது ஒட்டுவது போல இழுக்க வேண்டும். வழுக்கினால் அது கடையில் நீண்ட நாள் கிடந்த கையுறை. இறப்பர் வெப்பத்திலும் வெயிலிலும் இறுகும். புள்ளிகள் தேய்ந்தால் பந்து சறுக்கும். விரல் நுனிகளில் வைக்கப்பட்டுள்ள கடினமான விரல்மூடிகள் நேராக வரும் அடியைத் தாங்குபவை. அவை நுனியில் மட்டும் இருக்க வேண்டும். முதல் மூட்டைத் தாண்டி வந்தால் விரல் மடங்காது. மணிக்கட்டுப் பகுதி நீளமாக இருந்தால் தள்ளி நிற்பவருக்குக் கூடுதல் காப்பு. ஒட்டி நிற்பவருக்கு மணிக்கட்டு சுழல்வதற்குத் தடை. அணிந்துகொண்டு கையை நிலத்தை நோக்கியும் வானத்தை நோக்கியும் மாறிமாறித் திருப்பிப் பாருங்கள். ஓரம் உறுத்தினால் வேறொன்றைக் கேளுங்கள்.

மற்ற விளையாட்டுகளின் கையுறைகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஹொக்கி வீரர் இடக்கையில் அணியும் கையுறையில் கனமெல்லாம் விரல்களின் வெளிப்புறத்தில் இருக்கும். நிலத்தில் உராய்வதும் மட்டை மோதுவதும் அங்கேதான். உள்ளங்கைப் பக்கம் மெல்லியதாக, பல வகைகளில் திறந்தே விடப்பட்டிருக்கும். மட்டையைக் கை உணர வேண்டும். துடுப்பாட்டக் கையுறையும் அதே அமைப்பு. உணர்வு பிறக்கும் பக்கத்தில் ஒரு சிறு பொருளை வைத்தாலும் ஆட்டம் மாறிவிடும் என்பதற்கு இலங்கை இரசிகர்கள் மறக்க முடியாத சான்று உண்டு. இலங்கைக்கு எதிரான 2007 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் அவுஸ்திரேலியாவின் அடம் கில்கிறிஸ்ட் இடக்கைக் கையுறைக்குள் ஒரு ஸ்குவாஷ் பந்தை வைத்துக்கொண்டு 104 பந்துகளில் 149 ஓட்டங்கள் எடுத்தார். அது விதிமீறல் இல்லை என்று எம்.சி.சி. பின்னர் அறிவித்தது. கையுறைக்குள் சில சென்ரிமீற்றர் மாற்றம் ஒரு பெரிய துடுப்பாட்ட வீரரின் பிடியையே மாற்றியது. உள்ளே தொளதொளத்து நிற்கும் கையுறையும் பிடியை மாற்றுகிறது. கில்கிறிஸ்ட் திட்டமிட்டு மாற்றினார், நாம் தெரியாமல் மாற்றுகிறோம் என்பதே வித்தியாசம்.

மழை நாட்டில் பேணுவது

கண்டிப் பகுதியின் ஈரக் காற்று தோலுக்கு நல்ல நண்பன் அல்ல. பாடசாலைப் பருவம் தொடங்கும் மாதங்களிலேயே இடைப்பருவ மழையும் வருகிறது. ஈரக் கையுறையைப் பைக்குள் போட்டு மூடிவைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பூக்கும். உலர்ந்த பின் தோல் விறைத்துவிடும். நாம் தேடித்தேடி வாங்கிய நெகிழ்ச்சி அந்த விறைப்பில் போய்விடுகிறது. விளையாட்டு முடிந்ததும் உள்ளுறையை வெளியே எடுத்துக் கழுவுங்கள். கையுறைக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். அடுப்பருகிலும் வெயிலிலும் வேண்டாம், இறப்பர் இறுகும். இறப்பரில் படிந்த மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். எண்ணெய் தடவுவதானால் புறங்கைத் தோலில் மட்டும் சிறிது தடவுங்கள். இறப்பரில் பட்டால் அது வழுக்கும்.

புதிய கையுறையோடு நேரே போட்டிக்குப் போவது தவறு. கையில் ஒரு பந்தை வைத்து விரல்களை மடக்கி இறுக்கி, நாடாவால் கட்டி ஓர் இரவு விடுங்கள். பிறகு சில கிழமைகள் பயிற்சியில் பழக்குங்கள். விறைப்பான தோலும் பழகினால் மடங்கும்தானே என்று சிலர் கேட்பார்கள். மடங்கும், ஆனால் அளவு தவறிய கையுறை பழகினாலும் அளவு மாறாது. பழக்கம் சரிசெய்யக்கூடியதையும் சரிசெய்ய முடியாததையும் பிரித்துப் பார்ப்பதே வாங்குபவரின் திறமை.

கடையில் எடுக்க வேண்டிய இறுதிச் சோதனை

கடைக்குப் போகும்போது உங்கள் உள்ளுறையையும், விளையாடிப் பழகிய ஒரு கடினப்பந்தையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளுறையோடு கையுறையை அணியுங்கள். விரல் நுனி இடைவெளியைப் பாருங்கள். பெருவிரலை விரித்து வலை இறுகுகிறதா என்று பாருங்கள். கையைச் சுழற்றி ஓரம் உறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கூட வந்தவர் பந்தை மெல்லக் கையில் இடட்டும். விரல்களை மூடி, பந்தின் தையல் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல முயலுங்கள். ஓரளவுக்காவது சொல்ல முடிந்தால் அந்தக் கையுறை உங்கள் கையோடு பேசுகிறது. தையல் இருப்பதே தெரியாமல் ஒரு கனத்த உருண்டை மட்டும் தெரிந்தால், விலையைப் பார்க்காமல் அதைத் திருப்பி அலுமாரியில் வைத்துவிடலாம். அடுத்ததைக் கேளுங்கள், பெருவிரலால் அழுத்திப் பார்ப்பதற்கு முன்னால், கையை உள்ளே விடுங்கள்.